முடி வளர்ந்த செமஸ்டர்

வேதியியல் ஆய்வகத்தின் கடைசி மேசையில், தண்ணீர்க் குழாயை ஒட்டி, ஒருவன் தனியாக நின்று பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் போய் எதிரே நின்றதும் நிமிர்ந்தான். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் தலையைப் பார்த்தான். “என்னலே, திருச்செந்தூரா?” என்றான். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று வாயைத் திறந்து சொல்லக்கூட இல்லை. கேள்வி வந்தது, தலை அசைந்தது, அவன் சிரித்துவிட்டு மறுபடியும் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பல்கலைக்கழகத்தில் என் முதலாண்டைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது அந்த நீளக் கண்ணாடிக் குழாயும், அதன் நுனியிலிருந்து ஒழுகிய தண்ணீரும், அந்தக் கேள்வியும்தான்.

எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையோடு ஓர் இளவட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் முதலில் திருச்செந்தூர்தான் ஞாபகம் வரும். காய்ச்சல் விட்டால், பரீட்சையில் தேறினால், படிக்க இடம் கிடைத்தால் முடி இறக்குவதாக நேர்ந்துகொள்வார்கள். கடலில் குளித்து, மொட்டையில் சந்தனத்தை அப்பிக்கொண்டு பஸ் ஏறி வருகிறவர்களை வண்ணார்பேட்டையில் எந்த நாளும் பார்க்கலாம். இன்னொரு மொட்டை இருக்கிறது. தகப்பனுக்குக் கொள்ளி வைக்கிற மகனுக்குச் சுடுகாட்டில் எடுப்பது. அதைத் துட்டி மொட்டை என்போம். சாவு விழுந்த வீட்டைத் துட்டி வீடு என்றும், துக்கம் விசாரிக்கப் போவதைத் துட்டி கேட்கப் போவது என்றும் சொல்கிற ஊர் இது. அந்த மொட்டைக்குச் சந்தனம் கிடையாது, மீசையையும் எடுத்துவிடுவார்கள். பெரியவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் எனக்கு அப்போது மீசை என்று சொல்லும்படியாக ஒன்றும் இருந்ததில்லை. அதனால் போனதும் தெரியவில்லை. ஆய்வகத்தில் என்னைக் கேட்டவனோ பாளையங்கோட்டையில் தாத்தா காலத்திலிருந்து வாத்தியார் உத்தியோகம் பார்க்கும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. அவனுக்குத் தெரிந்த மொட்டை ஒன்றே ஒன்றுதான்.

“அப்பம் சந்தனம் எங்க?” என்று கேட்டான். குளித்துவிட்டேன் என்றேன். “இலை விபூதி கொண்டாந்தியா? எங்க பக்கத்து வீட்டு அத்தை கோயிலுக்குப் போனா பன்னீர் இலைல மடிச்சுக் கொண்டாந்து குடுப்பாவ. மணமா இருக்கும்லே.” அடுத்த தடவை என்றேன். அன்றைக்கே அவன் எனக்கு முருகா என்று பெயர் வைத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. நான் முதல் மூன்று வாரம் மட்டும் வந்துவிட்டு, பிறகு பதினாறு நாள் காரியம் முடிகிறவரை வராமல் இருந்தவன். அதற்குள் ஆய்வகத்தில் இரண்டிரண்டு பேராகச் சேர்த்து மேசை ஒதுக்கிவிட்டார்கள். மிஞ்சிப்போய்த் தனியாக நின்றவன் அவன் ஒருவன்தான். அதனால் அவன் எனக்குக் கூட்டாளி ஆனான். என் உண்மையான பெயரை அங்கே சரியாகத் தெரிந்துவைத்திருந்தது வருகைப் பதிவு எடுக்கிறவர் மட்டும் என்று நினைக்கிறேன்.

அப்பா தண்ணீர் திறந்துவிடுகிறவர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குடிநீரை ஒவ்வொரு தெருவாக முறைவைத்து விடுவதுதான் வேலை. ரோட்டின் நடுவே பள்ளத்துக்குள் வால்வு இருக்கும். மூடியை நெம்பி எடுத்து, ஆள் உயரத்துக்கு இருக்கும் இரும்புக் கம்பியை உள்ளே விட்டுத் திருக வேண்டும். காலை இருட்டு பிரிவதற்கு முன்பே சைக்கிளில் கம்பியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். தெருவில் அவருக்குப் பெயர் கிடையாது. “தண்ணி விடுதவரு வந்துட்டாரா?” என்பார்கள், அவ்வளவுதான். ஒருநாள் தாமதமானால் பெண்கள் குடத்தோடு நின்று ஏசுவார்கள். அவர் தன்பாட்டுக்குக் கம்பியைத் திருகுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தது நான்தான் முதல் ஆள். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரே கேள்வி கேட்பார். “ஏல, இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாவ?” வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும். எனக்குப் பாதி புரியாது, மீதி பயத்தில் காதில் விழாது. “அணுவைப் பத்தி,” என்பேன். “சரி, நல்லா கேட்டுக்கோ,” என்பார். மறுநாளும் அணுவைப் பற்றித்தான் சொல்வேன்.

அவர் இறந்ததும் ஒரு தெருவில்தான். வால்வைத் திறந்துவிட்டு, சைக்கிள் பக்கம் நடந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. திறந்த வால்வை மூட யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தெருவில் அன்றைக்குச் சாயங்காலம் வரை தண்ணீர் வந்தது. குடம், அண்டா, வாளி, சிமெண்டுத் தொட்டி எல்லாம் நிரம்பி, ஓடை வழியாகப் போய்க்கொண்டே இருந்ததாம். துட்டி கேட்க வந்த ஒரு அம்மாள் இதைச் சொல்லி அழுதாள். எனக்கு அதைக் கேட்டபோது தண்ணீர் வீணாகிவிட்டதே என்று மட்டும்தான் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. சுடுகாட்டிலும் அப்படித்தான். தலையில் கத்தி ஓடியது தெரிந்தது, ஈரம் தெரிந்தது. அடுத்தவன் தலையில் நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

பதினாறாம் நாள் பந்தி முடிந்து, சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு மாமா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அம்மாவின் தம்பி. ஆழ்வார்திருநகரியில் வாழைத் தோட்டங்களில் தார் வெட்டிச் சுமக்கிற வேலை. கெட்ட மனுஷர் இல்லை. அப்பா இறந்த அன்றைக்கு வந்தவர் அதுவரை வீட்டுக்குப் போகாமல் எங்களோடு கிடந்தார். “மாப்ள, வேலைல இருக்கும்போதே அத்தான் போயிட்டாவ. வாரிசு வேலை குடுப்பாவ. உனக்குப் பதினெட்டு முடிஞ்சிட்டு. நீ சேந்துக்கோ. படிச்சுட்டு வெளியே வந்து எத்தன பேரு ஜவுளிக்கடைல துணி மடிச்சுக்கிட்டு இருக்கானுவ, பாக்கேம்லா. இது சர்க்கார் வேலை, வீடு தேடி வருது.” நான் சரி என்றேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பாவின் ஆபீசில் காரியம் நகரச் சில மாதம் ஆகும் என்றும், அதுவரை வீட்டில் சும்மா இருப்பதற்குப் படிக்கப் போய்வரட்டும் என்றும் முடிவானது. அப்படித்தான் நான் மறுநாள் பஸ் ஏறினேன். அப்படித்தான் அந்தக் கடைசி மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

போய்விடப் போகிறவனாக ஒரு வகுப்பில் உட்கார்ந்திருப்பது விசித்திரமான அனுபவம். முதல் மூன்று வாரம் என்னைப் பிடித்து ஆட்டிய பயம் முழுக்கப் போய்விட்டது. பேராசிரியை கேள்வி கேட்டு என் பக்கம் கையைக் காட்டினால் முன்பெல்லாம் வயிறு கலங்கும். இப்போது எழுந்து, தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். தெரியாவிட்டால் என்ன, இது எனக்கான பாடமே இல்லையே. பயம் போனதால் காது திறந்துகொண்டதோ என்னவோ, ஐப்பசி வருவதற்குள் ஆங்கிலம் வாக்கியம் வாக்கியமாகப் புரிய ஆரம்பித்தது. அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. யாரோ பக்கத்து வீட்டில் பேசிக்கொள்வது தெளிவாகக் கேட்பது போல இருந்தது. புரிந்தது, கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைக் கூட்டாளியோடு மரத்தடியில் உட்கார்ந்து தின்பேன். அவன் என் டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டு அவன் வீட்டு முட்டைப் பொரியலை என் பக்கம் தள்ளுவான். இரண்டுக்கும் எனக்கு ருசி வித்தியாசம் தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தாலும் சரி, படியில் தொங்கினாலும் சரி, ஒன்றுபோலத்தான் இருந்தது.

வகுப்புப் பையன்கள் என் தலையைத் தடவ ஆரம்பித்தது உள்தேர்வு சமயத்தில். “முருகன் தலையத் தொட்டுட்டுப் போனா பாஸ்லே,” என்று என் கூட்டாளிதான் தொடங்கிவைத்தான். தேர்வு அறைக்கு வெளியே நான் சுவரோரமாக நிற்பேன். ஒவ்வொருவனாக வந்து, முள்முள்ளாக வளர்ந்திருந்த முடியைத் தடவிவிட்டு உள்ளே போவான். ஒரு பெண்கூடச் சிரித்துக்கொண்டே பேனாவின் முனையால் தொட்டுவிட்டுப் போனாள். நான் குனிந்து கொடுத்தேன். யார்மேலும் கோபம் வரவில்லை. அவர்கள் மேல் என்ன தப்பு இருக்கிறது? இடையில் ஒருநாள், இது அந்த மொட்டை இல்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது உண்டு. சொன்னால் எல்லோரும் முகத்தை மாற்றிக்கொள்வார்கள், தடவியவன் எல்லாம் வந்து வருத்தம் தெரிவிப்பான், நான் அதற்கு ஏதாவது முகபாவம் காட்ட வேண்டியிருக்கும். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் போய்விடப் போகிறோம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆய்வகத்தில் எங்களுக்கு அந்தப் பருவம் முழுக்கப் பெர்மாங்கனேட்தான். கத்திரிக்காய் நிறத்தில் இருக்கும் அந்தத் திரவத்தைப் பியூரெட்டில் நிரப்பி, கீழே குடுவையில் சூடாக்கிய அமிலத்தை வைத்து, திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுகிற சொட்டின் நிறம் மறைந்து மறைந்து போகும். ஒரு கட்டத்தில் மறையாமல், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு ரோஜா நிறம் தங்கும். அங்கே நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினால் தாண்டிப்போய்விடும், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். என் கூட்டாளி ஒருநாளும் நிறுத்தியதில்லை. வாய் பேசிக்கொண்டே திருகைத் திறப்பான். குடுவை அடர்ந்து கறுத்துவிடும். எனக்கு அது எளிதாக வந்தது. அவசரம் இல்லை, ஆசை இல்லை, மதிப்பெண் கவலை இல்லை. குடுவையைச் சுழற்றிக்கொண்டு அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். சூடு உள்ளங்கையில் ஏறுவது தெரியும். அந்த நாட்களில் எனக்கு உடம்பில் தெரிந்த ஒரே விஷயம் அந்தச் சூடுதான் என்று இப்போது தோன்றுகிறது. அளவு ஒவ்வொரு தடவையும் ஒத்துவரும். “உனக்கு என்ன கையாலே, வேலு பிடிச்ச கையா?” என்று சொல்லிக்கொண்டு அவன் என் அளவுகளை அவன் தாளில் எழுதிக்கொள்வான்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வேலை யார் பெயருக்கு என்று குடும்பத்தார் வந்து எழுதிக்கொடுக்க வேண்டும். மாமா முந்தின நாளே வந்துவிட்டார். அன்றைக்கு நான் வகுப்புக்குப் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. காலையில் எழுந்து, பல் விளக்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன், அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஆபீசுக்குப் போக வேண்டிய அதே மறுநாள் காலையில்தான் செய்முறை மாதிரித் தேர்வும் இருந்தது. அதை வீட்டில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வாசலில் நிழல் தட்டியது. என் கூட்டாளி நனைந்துபோய் நின்றான். கையில் நான் ஆய்வகத்தில் விட்டுவிட்டு வந்த வெள்ளைக் கோட்டு, பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருந்தான். அவன் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தெருமுனை டீக்கடையில் போய், கெமிஸ்ட்ரி படிக்கிற, மொட்டை போட்டிருந்த பையன் வீடு எது என்று கேட்டிருக்கிறான். “தண்ணி விடுவாரே, நாலு மாசம் முன்னால தவறிட்டாரே, அவரு மவனா?” என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். உள்ளே மாலை போட்ட அப்பாவின் படமும் அதற்கு முன்னால் விளக்கும் அவன் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தன.

யாரோ துட்டி கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்த மாமா, வழக்கப்படி எழுந்து இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். வருகிறவர் அதைத் தொட்டுவிட்டுப் பேசாமல் உட்கார வேண்டும். அவன் அதில் ஒரு கையைப் பிடித்துக் குலுக்கி, “வணக்கம் அங்கிள்,” என்றான். மாமா கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். அம்மா துண்டு கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னாள். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டே, “ஏம்லே சொல்லல?” என்றான்.

“நீ கேக்கல.”

“கேட்டேன்லாலே!”

“திருச்செந்தூரான்னு கேட்ட.”

அவன் துண்டை எடுக்கவே இல்லை. அதற்குள்ளிருந்தே, “தலையத் தடவி விட்டேனேலே. எல்லாப் பயலையும் கூட்டிட்டு வந்து தடவ விட்டேனே,” என்றான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. பரவாயில்லை என்றேன்.

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். பிறகு, போகாமல், அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். “நீயும் இவங்கூடத்தான் படிக்கியாப்பா? அங்கன என்னதான் செய்யுதான் இவன்? வீட்டுல ஒரு வார்த்தை சொல்ல மாட்டுக்கான்.”

அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது. டீ டம்ளரைக் குடுவையாக வைத்துக்கொண்டு, வலது கையால் இல்லாத திருகைத் திருகிக் காட்டினான். “இப்படி சொட்டுச் சொட்டா விடணும் ஆன்ட்டி. லேசா ரோஸ் கலர் வந்ததும் டக்குன்னு நிப்பாட்டணும். நாங்கெல்லாம் நிப்பாட்டுதம்னு சொல்லிக் கத்திரிக்கா கலருக்குக் கொண்டு போயிருவோம். இவன் ஒருத்தன்தான் ஒத்தச் சொட்டுல நிப்பாட்டுவான். சாரே வந்து பாத்துட்டுப் போவாவ.”

“இந்தச் சொட்டு விடுததுக்குத்தான் பஸ் ஏறிப் போறானா?” என்றார் மாமா. “வேலை குடுப்பானா இதுக்கு?”

“தெரியாது அங்கிள். எங்கப்பாட்ட கேட்டா குடுப்பான்னு சொல்லுவாவ. எனக்குத் தெரியாது.” பிறகு அம்மா பக்கம் திரும்பினான். “நாளைக்கு மாடல் எக்ஸாம் ஆன்ட்டி. ஆளுக்கு ஒரு பியூரெட். இவன் பக்கத்துல நின்னாத்தான் நான் எட்டிப் பாத்துக்கிட முடியும். இன்னைக்கு ஆளக் காணலயா, பயந்துட்டேன். அதான் தேடிக்கிட்டு வந்தேன்.”

அம்மா சிரித்தாள். சிறிய சிரிப்பு, மூக்கு வழியாக வந்தது. அந்த நாலு மாதத்தில் நான் அதைக் கேட்டதில்லை. உடனே என்னைப் பார்த்தாள். “நாளைக்குப் பரீட்சையால?”

“ஆமா.”

“சொல்லவே இல்லயே.”

“ஆபீசுக்குப் போணும்லா.”

எந்த ஆபீசு என்று அவன் கேட்டான். மாமா விளக்கமாகச் சொன்னார். அப்பாவின் வேலை இவனுக்கு வருகிறது, நாளைக்குப் போய் எழுதிக்கொடுத்தால் முடிந்தது என்றார். “அப்பம் படிப்பு?” என்றான் அவன். மாமா டீ டம்ளரை எடுத்து ஊதினார். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். வாசல்வரை போய், ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சாதாரணமாக எல்லா வீட்டிலும் சொல்கிறது போலச் சொன்னான். “போயிட்டு வாரேன் ஆன்ட்டி. போயிட்டு வாரேன் அங்கிள்.”

வருடம் திரும்புகிறவரை அது துட்டி வீடுதான், அங்கே அதைச் சொல்லக் கூடாது. வந்தவர்கள் உட்கார்ந்திருந்துவிட்டு, பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். மறுபடி வருகிறேன் என்றால், இதே போல ஒரு காரியத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். சின்னப் பிள்ளைகள்கூட வாயைத் திறக்க மாட்டார்கள். மாமா துள்ளி எழுந்துவிட்டார். “ஏலே! துட்டி வீட்டுல வந்து என்ன பேச்சு பேசுத? வாரேன்னு சொல்லப்படாதுன்னு உங்க வீட்டுல சொல்லித் தரலியா?”

அவன் ஒரு செருப்போடு நின்றுவிட்டான். முகம் வெளுத்துவிட்டது. “தெரியாது அங்கிள். சாரி அங்கிள். வரல அங்கிள்.”

“அவன ஏன் வெரட்டுத?” என்றாள் அம்மா. நிலையை விட்டு வாசலுக்கு வந்தாள். “பிள்ள வாரேன்னுதான சொன்னான்? வரட்டும். கூடப் படிக்கவன் வராம என்ன? நீ போயிட்டு வாப்பா. பைய போ, ரோடெல்லாம் தண்ணி.”

அந்த நாலு மாதமும் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். உட்கார்ந்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், சொல்லாமல் எழுந்து போனார்கள். அதுதான் முறை, அதில் யாரும் எங்களைக் குறைவாக நடத்திவிடவில்லை. ஆனால் அன்றைக்கு அம்மா வாசலில் நின்று ஒருவனுக்குப் போய்வா என்று சொன்னதைக் கேட்டபோது, இந்த வார்த்தை இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்பது எனக்கு உறைத்தது.

அவன் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மா உள்ளே வந்து மாமா பக்கம் திரும்பினாள். “தம்பி, நாளைக்கு ஆபீசுக்கு நான் வாரேன். என் பேருக்கே எழுதிக் குடுத்துருவோம்.”

மாமா முதலில் சிரித்தார். “என்னக்கா, வெளையாடுதியா? நடுரோட்டுல குனிஞ்சு கம்பியப் போட்டுத் திருக உன்னால முடியுமா?”

“அவிய திறந்துவிட்ட தண்ணிய இத்தன வருசமா குடத்துல சுமந்தது யாரு? சுமக்க முடியும், திறக்க முடியாதோ?”

“ஊரு சிரிக்கும்க்கா.”

“சிரிக்கட்டும். தண்ணி வந்தா குடத்தத் தூக்கிட்டு ஓடிருவாவ. நின்னு சிரிக்க நேரம் இருக்குமா?”

“சரி, இவன் படிச்சு முடிச்சு வேலை கெடைக்கலன்னா?”

“கெடைக்கலன்னா அப்பம் பாப்போம்.” என்னைப் பார்த்து, “நீ என்னல சொல்லுத?” என்றாள். நான் சரி என்றேன். மாமாவிடம் சொன்ன அதே சரிதான். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் அவர்தான் முதலில் எழுந்து, அம்மாவுக்காக ஆட்டோ பார்க்கப் போனார்.

நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது அது வந்தது. வண்டி பாலம் ஏறிக்கொண்டிருந்தது, கீழே ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வயிறு கலங்கியது. முதலில் பசி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பயம். இனிமேல் இது எனக்கான பாடம். தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார முடியாது. அம்மா இந்த நேரம் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். நான் தேறாவிட்டால் அவள் ரோட்டில் குனிவதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். அப்பா போன பிறகு எனக்கு முதன்முதலாக வந்த உணர்ச்சி அந்தப் பயம்தான்.

ஆய்வகத்தில் திருகைத் திறந்தேன். ரோஜா நிறம் வந்ததா வரவில்லையா என்று பார்ப்பதற்குள் குடுவை கறுத்துவிட்டது. பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்த என் கூட்டாளி வாயைப் பிளந்தான். “என்னலே, உனக்கே தாண்டிப் போச்சு?”

“எங்கப்பா செத்துப் போயிட்டாவலே,” என்றேன்.

ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவனுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் அந்த வாக்கியத்தை யாரிடமும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியே யாருக்கும் தெரியவில்லை, சொல்லவும் இல்லை. “ஆமாலே,” என்றான் அவன். பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். நான் குடுவையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்ததால் கழுவி முடிக்க நேரமாயிற்று. அன்றைக்கு எனக்குக் குறைந்த மதிப்பெண்தான். எட்டிப் பார்த்து எழுதியதால் அவனுக்கும் அதேதான்.

இப்போது மூன்றாம் ஆண்டு. கூட்டாளி ஒரு வருடத்தோடு வேறு படிப்புக்குக் கோயம்புத்தூர் போய்விட்டான். விடுமுறையில் வந்தால் வீட்டுக்கு வருவான், அம்மா கையால் தின்றுவிட்டுப் போவான். படிப்பு எனக்கு இன்றைக்கும் எளிதாக இல்லை. ஒவ்வொரு தேர்வுக்கு முன்னாலும் பயம் வருகிறது. அந்தப் பயம் போய்விடக் கூடாது என்றும் சில சமயம் நினைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு வேலை உத்தரவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை மாமாவும் நாங்களும் எப்படியோ ஓட்டினோம். அப்பா பார்த்த தெருக்களைக் கொடுக்காமல், நான் போகிற பஸ் வழியில் இருக்கும் தெருக்களைக் கொடுத்தார்கள்.

சில காலைகளில் பஸ் அவளைத் தாண்டிப் போகும். நடுரோட்டில், சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை வளைத்துத் திருகிக்கொண்டிருப்பாள். டிரைவர் ஆரன் அடிப்பார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். ஆரம்பத்தில் பஸ்ஸில் யாராவது அதைப் பற்றிப் பேசினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். போன வாரம் என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “யாருவே அது, பொம்பளையா தண்ணி திறக்குது?” என்று பொதுவாகக் கேட்டார்.

“எங்கம்மாதான்,” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தோளில் தொங்கிய பையையும் கையில் இருந்த வெள்ளைக் கோட்டையும் பார்த்தார். “அப்படியா தம்பி? அப்பம் எங்க மேட்டுத் தெருவுக்குக் கொஞ்ச நேரம் கூட விடச் சொல்லு. தண்ணி ஏறவே மாட்டுக்கு.”

“சொல்லுதேன் அண்ணாச்சி,” என்றேன்.